பொதியுறை செய்வோரின் அறம்

எடையில் குறைக்காமலும் சொல்லில் பொய்க்காமலும் விற்பவனை அறவோன் என்று ஊரார் ஒப்புக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கொடுத்தவன் கையும் வாங்கியவன் கையும் விலகியதும் வாணிகத்தின் கணக்குத் தீர்ந்துவிடும். பிளாஸ்டிக் பொதியுறை வந்தபின் அந்தக் கணக்கு அவ்வளவு விரைவில் தீர்வதில்லை. பிஸ்கட்டை உண்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் சுற்றியிருந்த உறையோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணிலோ கடலிலோ கிடக்கும். ஆகவே, பொதியுறை செய்யும் ஒரு கம்பெனி நேர்மையாக நடக்கிறதா என்று கேட்கும்போது, விற்பனைக்குப் பின் நிகழ்வதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது. இந்த எடையை எவ்வாறு போடுவது என்பதே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

இதற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் வேறில்லை என்று நாம் கருதுகிறோம். பெருநகரத்தில் குப்பை கண்ணுக்கு மறைவாக எங்கோ போய்விடுகிறது. பம்பாயிலோ தில்லியிலோ வாழும் நம்மவர் காலையில் வாசலில் வைத்த பையை மாலையில் மறந்துவிடலாம். தீவில் அதற்கு வழியில்லை. ஒன்று, அது அங்கேயே கிடக்க வேண்டும். அல்லது கப்பலேற வேண்டும். அல்லது கடலில் விழ வேண்டும். நான்காவது வழி எரிப்பது. அதன் புகையும் தீவைத்தான் சூழும்.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தீவுகளில் 3,80,000 பேர் வாழ்ந்தனர். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் வாணிகம் செய்யும் தமிழர் உண்டு. அரசாங்க அலுவலில் இருப்போர் உண்டு. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப்பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் வழிவந்தோரும் உண்டு. இவர்கள் வீட்டுப் பருப்பும், குழந்தைகளின் பாற்பொடியும், எண்ணெயும், சோப்பும் பெரும்பாலும் சென்னை, விசாகப்பட்டினம், கல்கத்தா ஆகிய துறைமுகங்களிலிருந்தே வருகின்றன. சென்னைக்கும் அத்தீவுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்க் கடல். பயணிக் கப்பலுக்கே மூன்று நாள் வழி. ஆண்டில் பெரும்பகுதி மழையும் ஈரக்காற்றும் நிலவும் நாட்டில், காகிதப் பையில் கட்டிய சர்க்கரை கப்பலிலிருந்து இறங்கும்போது பாகாகத்தான் இறங்கும். எனவே பொதியுறையே பாவம் என்று பேசுவது தீவில் வாழ்பவர் முன்னே எடுபடாது. உணவைக் கெடாமல் காப்பது ஒரு நன்மை. அந்த நன்மையைச் செய்பவனுக்கு அதற்குரிய மதிப்பைக் கொடுத்துவிட்டே மற்றவற்றைப் பேச வேண்டும்.

பிளாஸ்டிக் என்று ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோமே ஒழிய, அது ஒரே பொருளன்று. தண்ணீர் பாட்டில் ஒருவகை. பால் உறை இன்னொரு வகை. ஊறுகாய்ப் புட்டியின் மூடி வேறொரு வகை. பாட்டிலின் அடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் ஓர் எண் தெரியும். 1 என்றிருந்தால் பெட் என்னும் வகை, 2 என்றிருந்தால் கெட்டியான பாலிஎதிலீன், 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். இவை தனித்தனியே கிடைத்தால் உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஆகவே காயலான் கடைக்காரர் விலை கொடுத்து வாங்குவார். தொல்லை தருவது, சிப்ஸ், பிஸ்கட், காப்பித் தூள் முதலியன வரும் பளபளப்பான உறை. பெட் ஏடு ஒன்று, அலுமினியத் தகடு அல்லது உலோகப் பூச்சு ஒன்று, உள்ளே பாலிஎதிலீன் ஏடு ஒன்று என்று மெல்லிய அடுக்குகளைப் பசையிட்டு ஒட்டி அதைச் செய்கிறார்கள். ஓர் அடுக்கு அச்சுக்கு, ஓர் அடுக்கு காற்றையும் ஒளியையும் தடுப்பதற்கு, ஓர் அடுக்கு சூட்டில் ஒட்டி மூடுவதற்கு. திறமையான வேலைதான். ஆனால் ஒட்டியதைப் பிரிப்பது அரிது. பிரித்தாலும் கிடைக்கும் பொருளின் விலை பிரித்த கூலிக்குக் காணாது. ஆகவே எந்தக் காயலான் கடையிலும் அதற்கு விலை இல்லை. விலையில்லாத பொருளைக் குனிந்து எடுப்பார் யார்? தெருவில் எஞ்சிக் கிடப்பது எது என்று பார்த்தாலே இந்த உண்மை விளங்கும்.

சிறு பாக்கெட்டின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர், செல்வர் வாங்கும் பொருளைக் கூலிக்காரரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கக் கூடிய அளவில் விற்க வேண்டும் என்று எண்ணிச் சிறு உறையில் பொருளை அடைக்கும் முறையில் முன்னோடியாக விளங்கினார். அவர் குடும்பத்தார் அம்முறையில் ஷாம்பூவை விற்றனர். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழில் பின்னர்ப் பெரிய நிறுவனமாயிற்று. நாடு முழுவதும் உள்ள கம்பெனிகள் அந்த வழியைப் பின்பற்றின. இதன் தொடக்கத்தில் இருந்த எண்ணம் நல்லெண்ணமே என்பதில் நமக்கு ஐயமில்லை. முழுப் புட்டி வாங்க இயலாத வீட்டுக்கு ஒரு நாள் பொருளை ஒரு நாள் கூலியில் வாங்க வழி பிறந்தது. ஆயின் ஒரு புட்டி இருந்த இடத்தில் நூறு உறைகள் வந்தன. ஏழைக்கு உதவிய அதே உறை, ஏழை வாழும் தெருவின் சாக்கடையையே முதலில் அடைத்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஒன்றின் விளைவு இதுவென்று தெரிந்தபின்னும் அதே முறையைத் தொடர்வாரானால், தொடக்கத்து நோக்கத்தைச் சொல்லி அவர் தப்பிக்க இயலாது.

இனி, தீவுக்கூட்டத்தின் தென்கோடிக்குச் செல்வோம். பெரிய நிக்கோபாரின் கடற்கரைகள் ஐந்தில் 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆராய்ச்சியாளர் சிலர் கரையொதுங்கிய குப்பையை எடுத்து, உறையில் அச்சிட்டிருந்த பெயர்களைக் கொண்டு அது எந்த நாட்டுப் பொருள் என்று பிரித்துப் பார்த்தனர். அதன் முடிவு 2020இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. பத்து நாடுகளின் பொருள்கள் அங்கே கிடந்தன. நூற்றுக்கு 40 பங்கு மலேசியாவினுடையது. அதற்கடுத்தவை இந்தோனேசியாவும் தாய்லாந்தும். இந்தியாவின் பங்கு நூற்றுக்கு 2 என்ற அளவே! அந்தத் தீவு மலாக்கா நீர்ச்சந்தியின் வாயிலுக்கு அருகில் இருக்கிறது. கப்பல்கள் இடைவிடாமல் செல்லும் வழி அது. நீரோட்டம் கொண்டுவந்து சேர்த்ததைத் தீவு வாங்கிக்கொண்டது.

ஆள் நடமாட்டம் அதிகமில்லாத கரை அது. அங்குள்ள கலாத்தியா விரிகுடாவில்தான் தோல் முதுகுப் பேராமை கரையேறி முட்டையிடுகிறது. (அவ்விடத்தில் பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் இசைவு தரப்பட்டது, அது தனியே பேச வேண்டிய பொருள்.) அந்த ஆமையின் உணவு இழுதுமீன். நீரில் மிதக்கும் மெல்லிய பைக்கும் இழுதுமீனுக்கும் அதன் கண்ணில் வேற்றுமை தோன்றுவதில்லை. கோலாலம்பூரில் உறை அச்சிட்டவனுக்கும் கலாத்தியாவில் முட்டையிட வந்த ஆமைக்கும் இடையே எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நாட்டின் விதி இன்னொரு நாட்டின் கரைவரை நீளாது. பிளாஸ்டிக் மாசுக்கு எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை காண வேண்டுமென்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பேரவை 2022 மார்ச்சில் தீர்மானித்தது. 2024இன் இறுதியில் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடிய கூட்டங்கள் உடன்பாடு காணாமலே கலைந்தன. பிளாஸ்டிக் உற்பத்தியையே குறைக்க வேண்டுமா, குப்பையை மட்டும் ஒழுங்குசெய்தால் போதுமா என்பதே முக்கியமான சிக்கல்.

வேற்று நாட்டுக் குப்பையைச் சுட்டிக்காட்டி நம்மவர் கைகழுவிவிட முடியாது. ஆளில்லாத கரையின் கணக்கு வேறு, நகரத்தின் கணக்கு வேறு. ஜங்கிலிகாட், அபர்தீன் கடைவீதிகளில் விற்கப்படும் உறைகள் நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை. அவை நகருக்கு வெளியே புரூக்சாபாத்தின் குப்பைமேட்டை நோக்கிச் சென்றவை. இவற்றுக்கு யார் பொறுப்பு? உறையைச் செய்த கம்பெனியைக் கேட்டால், “பொருள் விற்பவர் கேட்டபடி செய்துகொடுத்தோம், எங்கள் பெயர்கூட அதில் இல்லை” என்பர். பொருள் விற்பவரைக் கேட்டால், “மக்கள் விரும்புவது இதைத்தான்” என்பர். மக்களைக் கேட்டால், “வேறு உறையில் கிடைக்கவில்லையே” என்பர். மூவர் கூறுவதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மூவரும் சமமானவர் அல்லர். உறையில் எத்தனை அடுக்கு இருக்க வேண்டும், அதைப் பிரிக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் அறிவும் வாய்ப்பும் செய்வோரிடமும் செய்யச் சொல்வோரிடமுமே இருக்கின்றன. அறிவு எங்கே மிகுதியோ அங்கே பொறுப்பும் மிகுதி என்பது நம் கருத்து.

இந்திய அரசின் சட்டமும் மெல்ல மெல்ல இவ்வழிக்கே வந்தது. முதலில் பையின் கனத்தை மட்டும் பேசிற்று: 1999இல் 20 மைக்ரான், 2011இல் 40, 2016இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022இன் இறுதி நாளில் 120. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கனத்தைக் கூட்டினால் பை விலையேறும், மக்கள் வீசி எறியமாட்டார்கள், பொறுக்குவோருக்கும் எடை கிடைக்கும் என்பது எண்ணம். 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, கரண்டி, தட்டு போன்ற ஒருமுறைப் பொருள்கள் சில நாடெங்கும் தடைசெய்யப்பட்டன. பிஸ்கட் உறை அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. அதற்கு வேறு வழி வகுத்தார்கள்: 2022 பிப்ரவரியில் வந்த நெறிமுறைப்படி, பொதியுறை செய்வோரும், இறக்குமதி செய்வோரும், தம் பெயரிட்டுப் பொருள் விற்போரும் தாம் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்கின் எடைக்கு ஈடாகக் குப்பையைத் திரட்டிச் சீர்செய்ய வேண்டும். 2021-22இல் நூற்றுக்கு 25, அடுத்த ஆண்டு 70, 2023-24இல் 100 என்று அளவும் குறித்தார்கள். தாமே திரட்ட இயலாதவர், மறுசுழற்சி செய்யும் ஆலையிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம்.

இங்கேதான் தீவில் நின்று பார்ப்பதன் பயன் புலப்படுகிறது. சட்டம் கேட்பது எடை. இடத்தை அது கேட்பதில்லை. ஒரு கம்பெனி கார் நிக்கோபாரில் 1 டன் உறை விற்று, குஜராத்தில் ஓர் ஆலையிலிருந்து அதே வகையில் 1 டன்னுக்குச் சான்றிதழ் வாங்கினால் கடமை முடிந்தது. ஏட்டில் கணக்கு நேராகிவிடும். கார் நிக்கோபாரின் தென்னந்தோப்பில் கிடக்கும் 1 டன் அங்கேயே கிடக்கும். பொறுக்கி எடுப்பதற்குக் கூலி மிகுதி, கட்டுவதற்கு இயந்திரம் வேண்டும், கப்பலுக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஆகவே செலவு குறைந்த இடத்தில் திரட்டுவதே வாணிகப் புத்தி. சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் ஒருவன் தெற்கு வீதியில் குப்பை கொட்டி வடக்கு வீதியைப் பெருக்கிவிட்டு நேர்செய்துவிட்டேன் என்றால், தெற்கு வீதியார் ஒப்புவார்களா? சட்டத்துக்கு உட்பட்டிருத்தல் வேறு, அறத்தோடு இருத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

சான்றிதழிலேயே பொய்யும் நுழைந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023இல் ஆராய்ந்தபோது, மறுசுழற்சி ஆலைகள் சில சேர்ந்து ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உண்டாக்கியிருந்தமை வெளிப்பட்டது. நடவாத வேலைக்கு ரசீது! விற்ற ஆலையின் குற்றம் வெளிப்படை. மிகக் குறைந்த விலையில் சான்றிதழ் கிடைக்கிறதே, அந்த விலைக்கு ஒரு டன்னை அள்ளவாவது முடியுமா என்று எண்ணிப் பாராமல் வாங்கியவரை என்னவென்று சொல்வது? திருட்டு நகையைப் பாதி விலைக்கு வாங்கியவன் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வதற்கு ஊரில் என்ன மதிப்போ, அதே மதிப்பைத்தான் இதற்கும் கொடுக்கலாம்.

விதியின் ஒரு சொல் மாறுவதால் என்ன நேரும் என்பதையும் நோக்குவோம். மறுசுழற்சிக்கு உதவாத பல்லடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று 2016 விதிகள் கூறின. 2018 மார்ச்சில் அந்த வரி திருத்தப்பட்டது. எரித்துச் சூடு பெறவும் முடியாத, வேறு எதற்கும் உதவாத உறையென்றால்தான் நிறுத்த வேண்டும் என்ற பொருள்பட அது விரிந்தது. சிமெண்டுச் சூளையில் எதையும் எரிக்கலாம். ஆகவே எந்த உறையும் நின்றபாடில்லை. அந்தமானில் சிமெண்டுச் சூளை ஏது? பெருநிலத்தை மனத்தில் வைத்து எழுதிய வரி, தீவுக்குப் பொருந்தாமல் நிற்கிறது.

தூத்துக்குடியில் 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று பலருக்கு மறந்திருக்கலாம். பெண்கள் பள்ளி ஒன்றின் மாணவியர் இரண்டு வாரங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட உணவு உறைகளைத் திரட்டி, எண்ணி, கம்பெனி வாரியாகப் பிரித்து, அவற்றைச் செய்து விற்றவர்களுக்கே திருப்பி அனுப்பினர். உங்கள் பொருளின் சுவை நன்று, உறையை மாற்றுங்கள் என்பது அவர்கள் வேண்டுகோளின் கருத்து. சிறுமியரின் விளையாட்டு என்று இதை ஒதுக்குவது தவறு. பெயர் வாரியாக எண்ணிப் பார்ப்பதே பொறுப்பைக் காட்டும் வழி. பெரிய நிக்கோபாரில் அறிவியலார் செய்ததும் அதுவேயன்றோ! மறு ஆண்டு, 2019 ஜனவரி 1 முதல், தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. கம்பெனி உறைகளுக்கு அப்பொழுது விலக்கு இருந்தது. சிறு கடைக்காரரின் பைக்குத் தடை, பெருங்கம்பெனியின் பாக்கெட்டுக்கு இசைவா என்ற முணுமுணுப்பு எழுந்தது நியாயமே. 2020 ஜூனில் அந்த விலக்கு அரசாணையால் நீக்கப்பட்டது.

‘மக்கும் பை’ என்ற எழுத்தைக் கண்டு ஏமாறுவோரும் பலர். மக்குதல் என்பதற்கு வரையறை உண்டு, ஐ.எஸ். 17088 என்ற தரக்குறியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் இருந்தால்தான் அச்சொல்லை அச்சிடலாம். அப்படிச் சான்று பெற்ற பையும் தொழில்முறை உரக்கிடங்கின் சூட்டிலேதான் மக்கும். கடல்நீரில் விழுந்தால் நெடுங்காலம் பையாகவே இருக்கும். வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்துபோவது மக்குவது ஆகாது. கண்ணுக்குத் தெரிந்த குப்பை கண்ணுக்குத் தெரியாத குப்பையாகிறது, அவ்வளவே. தீவில் உரக்கிடங்கு இருக்கிறதா என்று பாராமல் அங்கே ‘மக்கும் பை’ விற்பவர், சொல்லில் மெய்யும் செயலில் பொய்யுமாக நடக்கிறார்.

அப்படியாயின் ஒரு கம்பெனியை மதிப்பிட விரும்புவோர் எதைப் பார்க்க வேண்டும்? நம் நேயர்களில் பலர் பம்பாய், அகமதாபாத், தில்லிப் பகுதிகளில் இத்தொழிற்சாலைகளிலேயே கணக்கராகவும் பொறியாளராகவும் வேலை பார்க்கிறார்கள். சிலர் பங்குகளும் வைத்திருக்கிறார்கள். பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள கம்பெனிகள் தம் சமூகப் பொறுப்பையும் சுற்றுச்சூழல் பொறுப்பையும் பற்றி ஆண்டறிக்கையோடு தனி அறிக்கை தர வேண்டும் என்ற விதி 2022-23 முதல் கட்டாயமாயிற்று. அது எவரும் படிக்கக் கூடியது. அதில் மரம் நட்ட படங்களைத் தாண்டிச் செல்லுங்கள். மொத்த உற்பத்தியில் பல்லடுக்கு உறை எவ்வளவு, அது ஆண்டுக்காண்டு குறைகிறதா கூடுகிறதா என்று பாருங்கள். பழைய பிளாஸ்டிக்கை எவ்வளவு சேர்த்துச் செய்கிறார்கள் என்பது அடுத்தது. பாட்டில் போன்ற கெட்டிப் பொருள்களில் 2025-26 முதல் நூற்றுக்கு 30 பங்காவது பழையது கலக்க வேண்டும் என்று விதித்தனர். அதற்குமேல் செய்கிறாரா, அதுவும் முடியாதென்று சலுகை கேட்கிறாரா? சான்றிதழ் வாங்கியே காலம் தள்ளுகிறாரா, தாமே ஆள் வைத்துத் திரட்டுகிறாரா? குப்பை பொறுக்குவோருக்கு அந்தப் பணத்தில் ஏதேனும் சென்று சேர்கிறதா? விதி வரும்போது எதிர்த்து மனுப்போட்டவர் யார், அடுக்கைக் குறைத்து ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் உறை செய்யும் வழியைத் தேடியவர் யார் என்பதும் ஒருவர் குணத்தைக் காட்டும். ஒரே வகையால் ஆன உறை இப்பொழுது பல பொருள்களுக்குச் செய்யக் கூடியதே; விலையும் காப்புத் திறனும் சற்று இடிக்கும்.

இவையெல்லாவற்றையும்விட நாம் முதலில் கேட்கும் கேள்வி, விற்கும் இடமெல்லாம் திரட்டுகிறாரா என்பதே. தீவுக்குச் செல்லும் சரக்கின் விலையில் கப்பல் வாடகை சேர்ந்தே இருக்கிறது; போகும் வழிக்கு வாடகை கணக்கிடத் தெரிந்தவருக்குத் திரும்பும் வழிக்கும் கணக்கிடத் தெரியாமற் போகாது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து பெட் பாட்டிலும் பழைய இரும்பும் சென்னைக்குக் கப்பலேறுகின்றன. ஏனெனில் அவற்றுக்கு விலை உண்டு. பல்லடுக்கு உறைக்கும் கம்பெனியே கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை வைத்துவிட்டால், பாட்டிலை எடுக்கும் அதே கை உறையையும் எடுக்கும். ஹட்டோ துறையில் சரக்கு இறக்கும் மொத்த வியாபாரிகள், கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி அடுத்த முறை ஆர்டர் எடுக்க வரும்போது, கழிவுத் தொகை எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், காலி உறைக்குக் கிலோ என்ன விலை கொடுப்பீர்கள் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.